மடக்கு போனில் இரண்டு விண்டோ: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை வருடம்

சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்ட் 5 என் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கேமரா, கேம், ரீல்ஸ் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆப்பை ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை பார்ப்பது இதில் எப்படி இருக்கிறது, எங்கே கை கொடுக்கிறது, எங்கே பாடாய்ப் படுத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் இந்த போனை வாங்கியதே அதற்காகத்தான்.

என் வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இருந்து மெயில் வரும், டெக் பேக் என்று டிசைன், அளவு விவரமெல்லாம் அடங்கிய இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப். வரும், காஸ்டிங் என்கிற விலைக் கணக்கு எக்ஸெல்லில் இருக்கும், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஊரின் ஆளுக்கொரு மூலையில் இருக்கிற ஜாப் வொர்க்காரர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள். பாதி நாள் பைக்கில்தான் ஓடும். அவிநாசி ரோட்டில் இருந்து பல்லடம் ரோடு, அங்கிருந்து மறுபடி யூனிட். லேப்டாப் பையிலேயே கிடக்கும், அதைத் திறந்து வைக்கப் பெரும்பாலும் இடம் இருக்காது.

பழைய போனில் எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் ஏன் இவ்வளவு செலவு செய்தேன் என்பது புரியும். பையர் மெயிலில் நீலத்துக்கு 19-4052 என்று பேன்டோன் நம்பர், அதாவது நிறத்துக்கான குறியீட்டு எண், கொடுத்திருந்தார். மெயிலைப் பார்த்து, நம்பரை மனதில் பிடித்துக்கொண்டு, வாட்ஸ்அப்புக்குத் தாவி, அதற்குள் வந்த ஒரு காலை எடுத்துப் பேசி, திரும்ப வந்து டையிங்குக்கு 19-4025 என்று அடித்துவிட்டேன். கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. லேப் டிப், அதாவது நிறம் பார்க்கச் சாயம் தோய்த்த சின்னத் துணித் துண்டு, கைக்கு வந்து, சூரிய வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. துணியை மொத்தமாகச் சாயம் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்ததால் தப்பித்தோம், ஆனாலும் நான்கு நாள் போனது போனதுதான். என் தொழிலில் நடக்கிற பாதித் தவறு இப்படி ஒரு ஆப்பில் இருந்து இன்னொரு ஆப்புக்குத் தாவுகிற அந்த ஐந்து வினாடியில்தான் நடக்கிறது. தாவவே தேவையில்லை என்றால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை. அதற்கு நான் கொடுத்த விலைதான் இந்த போன்.

2023இல் வந்தபோது இதன் விலை 1,54,999 ரூபாய். அவ்வளவு என்னால் முடியாது, அதனால் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். கடைத் தம்பி ரொம்பப் பொறுமையாகத்தான் காட்டினார், ஆனால் காட்டியதெல்லாம் ஒரே ஒரு வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டி, போனை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி. இரண்டு ஆப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நானாகத் தோண்டித்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனை விரித்தால் 7.6 அங்குலத் திரை. கீழே டாஸ்க்பார் என்று ஒரு பட்டை, அதில் நாம் அடிக்கடி திறக்கிற ஆப்புகள் வரிசையாக இருக்கும். ஒரு ஆப் திறந்திருக்கும்போது பட்டையில் இருந்து இன்னொன்றை அழுத்திப் பிடித்து இழுத்து, திரையின் ஓரத்தில் விட்டால் திரை இரண்டாகப் பிரிந்துவிடும். நடுவில் விட்டால் மிதக்கிற சின்ன விண்டோவாகத் திறக்கும், அதற்குப் பாப்-அப் என்று பெயர். இவ்வளவுதான் அடிப்படை, பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். இந்த டாஸ்க்பார் 2022இல் ஆண்ட்ராய்டு 12எல் என்று பெரிய திரைகளுக்காகவே வந்த பதிப்பில் இருந்து கிடைத்தது. திரையை இரண்டாகப் பிரிப்பது அதற்கும் முன்னால், 2016இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோதே சாதாரண போனுக்கும் வந்துவிட்டது. நானும் பழைய போனில் முயன்று பார்த்தேன். ஒரு பாதியில் மூன்று வரி மெயில், இன்னொரு பாதியில் கீபோர்டு. அதை வைத்து யாரும் வேலை பார்க்க முடியாது.

பெரும்பாலான ரிவ்யூவில் நான் பார்க்காத ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தினமும் எனக்குப் பயன்படுவது இதுதான். உள்திரை கிட்டத்தட்டச் சதுரம்: ஒரு பக்கம் 2176 பிக்சல், இன்னொரு பக்கம் 1812. போனைப் புத்தகம் போல நேராகப் பிடித்து இடம் வலமாகப் பிரித்தால் ஒவ்வொரு விண்டோவும் ஏறக்குறைய 906 பிக்சல் அகலம், அதாவது ஒல்லியாக நெட்டையாக இருக்கும். வாட்ஸ்அப்புக்கும் மெயிலுக்கும் அது போதும். அதே போனைத் திருப்பிப் பிடித்தால் ஒவ்வொரு பாதியும் 1088 அகலம் ஆகிவிடுகிறது. டெக் பேக் பி.டி.எஃப். இந்த அகலத்தில்தான் எழுத்து பெரிதாக்காமலே படிக்க வருகிறது. எக்ஸெல்லுக்கு இதுவும் பத்தாது, அதற்கு நேராகப் பிடித்துக்கொண்டு மேல் கீழாகப் பிரிக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் 1812 அகலம், 1088 உயரம். மெஷர்மென்ட் ஷீட்டில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும், பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக வேண்டியதில்லை. இரண்டு விண்டோவுக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் உள்ள புள்ளிகளைத் தொட்டால் இடத்தை மாற்றவும், பக்கவாட்டுப் பிரிவை மேல் கீழாகத் திருப்பவும் வழி இருக்கிறது, ஒவ்வொரு முறையும் மூடித் திறக்க வேண்டாம்.

ஒரு உதாரணம். போன மாதம் ஒரு டி-ஷர்ட்டுக்கு சைஸ் செட் சாம்பிள் போட்டிருந்தோம். சாம்பிள் டெய்லர் ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, டேப் வைத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீயோடு உட்கார்ந்து, மேலே பையரின் மெஷர்மென்ட் ஷீட், கீழே அந்தப் போட்டோக்கள் என்று வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல் சைஸில் நெக் டிராப், அதாவது கழுத்து இறக்கம், பையர் அனுமதிக்கிற டாலரன்ஸைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போயிருந்தது அங்கேயே கண்ணில் பட்டது. டீ ஆறுவதற்குள் கட்டிங் மாஸ்டருக்குச் சொல்லி, பேட்டர்னைத் திருத்தியாகிவிட்டது. முன்பெல்லாம் இதற்கு யூனிட்டுக்குப் போய், ஷீட்டைப் பிரின்ட் எடுத்து, பேனாவோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது ஆப்பையும் பிரித்து வைக்கலாம். ஒன்று பாதித் திரை, மற்ற இரண்டும் கால் கால். விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கால் திரையில் நான் உருப்படியாக எதையும் படித்ததில்லை. மூன்றாவது ஆப்பைப் பாப்-அப்பாக வைப்பதுதான் சரி, அதிலும் கால்குலேட்டருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பையர் திடீரென்று 160 ஜி.எஸ்.எம்.மை 180 ஆக்கினால் விலை எவ்வளவு ஏறும் என்று கேட்பார். நாங்கள் போடுகிற கணக்கு இப்படி: உடல் நீளம் 72, கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 104 சென்டிமீட்டர். மார்பு 54, அதற்கு 4 சேர்த்து 58. இரண்டையும் பெருக்கி, முன் பின் என்று இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர சென்டிமீட்டர். அதை ஜி.எஸ்.எம்.மால் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 160க்கு 193 கிராம், 180க்கு 217 கிராம். ஒரு பீஸுக்கு 24 கிராம் வித்தியாசம், பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் 240 கிலோ துணி, வேஸ்டேஜ் தனி. இதை மெயில் ஒரு பக்கம், காஸ்ட் ஷீட் ஒரு பக்கம், மேலே மிதக்கிற கால்குலேட்டர் என்று வைத்துக்கொண்டு, பையர் லைனில் இருக்கும்போதே சொல்ல முடிகிறது. பாப்-அப்பைத் தேவைக்குச் சின்னதாக்கலாம், ஓரத்துக்கு நகர்த்தலாம், வேலை முடிந்தால் ஒரு சின்ன வட்டமாகச் சுருக்கி வைக்கலாம்.

அப்புறம் ஜோடி. இதைக் கற்றுக்கொள்ளாமல் மடக்கு போன் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே ஆதங்கமாக இருக்கும். இரண்டு ஆப்பைப் பிரித்து வைத்த பிறகு நடுக்கோட்டுப் புள்ளிகளைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் வரும், அதைத் தொட்டால் அந்த இரண்டும் ஒரே ஐகானாகச் சேமிக்கப்படும். என்னிடம் நான்கு ஜோடி இருக்கிறது. காலையில் மெயிலும் காலெண்டரும், பகல் முழுக்க வாட்ஸ்அப்பும் எக்ஸெல்லும், சாம்பிள் நேரத்தில் பி.டி.எஃப்.பும் கேலரியும், ராத்திரி வீட்டுக் கணக்குக்கு நோட்ஸும் கால்குலேட்டரும். ஒரே தொடுதலில் இரண்டும் அதனதன் இடத்தில் திறக்கும். ஒவ்வொரு முறையும் இழுத்து வைக்க வேண்டுமென்றால் நான் ஒரு வாரத்தில் விட்டுவிட்டிருப்பேன். ஜோடி இருப்பதால்தான் ஒன்றரை வருடமாக விடாமல் செய்கிறேன்.

இழுத்துப் போடுவதும் உண்டு. கேலரியில் ஒரு போட்டோவை அழுத்திப் பிடித்து, பக்கத்து விண்டோவில் எழுதிக்கொண்டிருக்கும் மெயிலில் போட்டால் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லா ஆப்பும் இதை ஏற்பதில்லை, முயன்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில ஆப்புகளை ஒரே நேரத்தில் இரண்டு முறையும் திறக்கலாம். குரோமில் இரண்டு பக்கத்தை அக்கம்பக்கமாக வைக்க முடியும், ஃபைல் மேனேஜரை இரண்டாகத் திறந்து ஒரு ஃபோல்டரில் இருந்து இன்னொன்றுக்கு இழுக்க முடியும்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை கீபோர்டு. மேல் கீழாகப் பிரித்திருக்கும்போது எழுதத் தொடங்கினால் கீபோர்டு கீழ் விண்டோவை விழுங்கிவிடுகிறது. எதைப் பார்த்து எழுதுகிறோமோ அதுவே மறைந்துபோனால் பிரித்து வைத்ததற்கே அர்த்தமில்லை. எழுதுகிற வேலை இருந்தால் பக்கவாட்டில் பிரியுங்கள், இல்லையென்றால் கீபோர்டை மிதக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த விண்டோவைக் கடைசியாகத் தொட்டோமோ அதில்தான் எழுத்து விழும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முறை டையிங்குக்கு எழுத வேண்டிய வரியைக் காஸ்ட் ஷீட்டின் ஒரு செல்லில் அடித்துவிட்டேன்.

இரண்டாவது, ஆப்புகள். போன் எவ்வளவு செய்தாலும் ஆப்பை எழுதியவர்கள் மனது வைக்க வேண்டும். நான் பயன்படுத்துகிற ஒரு வங்கி ஆப் பிரிந்த திரையில் திறக்கவே மறுக்கும். ஒரு கூரியர் ஆப் திறக்கும், ஆனால் கீழே இருக்கிற பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், தள்ளிப் பார்த்தாலும் வராது. வங்கி ஆப் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தால் புரிந்துகொள்ளலாம், பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஆப்புக்கு என்ன பாதுகாப்பு? பிடிவாதம் பிடிக்கிற ஆப்புகளுக்கு செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ், அதற்குள் லேப்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே எல்லா ஆப்புக்கும் மல்டி விண்டோ என்பதை ஆன் செய்தால் பாதிக்கு மேல் வழிக்கு வந்துவிடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 9 வரை பிரிந்த திரையில் நாம் தொட்ட ஆப் மட்டும்தான் முழு உயிரோடு ஓடும், மற்றது அப்படியே நின்றுபோகிற 'பாஸ்' (pause) நிலைக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு 10இல் இருந்துதான் கண்ணுக்குத் தெரிகிற எல்லா ஆப்பும் ஒரே நேரத்தில் ஓட முடிகிறது. பழைய காலத்து மனநிலையில் எழுதிய ஆப்புகள் இன்னமும் பக்கத்து விண்டோவைத் தொட்டதும் உறைந்து நிற்பதுண்டு.

எடை 253 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் பை தொங்கும், நான் இடுப்பு பவுச்சுக்கு மாறிவிட்டேன். விரித்த போனைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், நின்றபடி பஸ்ஸில் போகும்போது கம்பியைப் பிடிப்பதா போனைப் பிடிப்பதா என்றாகிவிடும். பேட்டரி 4,400 எம்.ஏ.எச்., சார்ஜிங் 25 வாட், பகல் முழுக்க இரண்டு விண்டோவையும் ஓட்டுகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை செருகத்தான் வேண்டும். நடுவில் மடிப்புக் கோடு சாய்த்துப் பார்த்தால் தெரியும். நேராகப் பிடித்து இடம் வலமாகப் பிரிக்கும்போது இரண்டு விண்டோவுக்கும் நடுவே இருக்கிற எல்லை சரியாக அந்தக் கோட்டின் மேலேயே விழுவதால் எனக்கு அது ஒரு நாளும் தொந்தரவாகத் தெரிந்ததில்லை.

எங்கள் ஊருக்காக மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், வேறு எந்த ரிவ்யூவிலும் இது இருக்காது. பஞ்சு. நிட்டிங்கிலும் கட்டிங்கிலும் காற்றிலேயே பஞ்சு மிதக்கும், ஒரு மணி நேரம் நின்றால் புருவத்தில் வெள்ளையாகப் படியும். இந்த போனுக்கு இருப்பது ஐ.பி.எக்ஸ்.8, அதாவது தண்ணீருக்குத் தாங்கும், தூசிக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது, நடுவில் இருக்கிற எக்ஸ்ஸுக்கு அதுதான் பொருள். அதனால் கட்டிங் டேபிள் பக்கம் போகும்போது நான் போனை விரிப்பதில்லை. வெளித்திரையிலேயே, அது ஒல்லியாக இருந்தாலும், வேலையை முடித்துக்கொள்வேன். முதல் வாரத்தில் மாஸ்டர், "ஏனுங் தம்பி, இத்தன பெருசா வாங்கிப்போட்டு மூடியே வெச்சிருக்கறீங்?" என்று கேட்டார். பஞ்சைக் காட்டினேன், தலையாட்டினார். இப்போது நான் உள்ளே வந்தால் அவரே மேஜைமேல் இருக்கிற கவரை எடுத்து நீட்டுகிறார், போனை அதற்குள் போட்டு வைக்க. 2024இல் வந்த ஃபோல்ட் 6 ஐ.பி.48, அதில் பெரிய துகள்களுக்குத் தடுப்பு உண்டு, மெல்லிய பஞ்சு நாருக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் பார்க்கிற என் மச்சானிடம் ஒன்பிளஸ் ஓப்பன் இருக்கிறது, 2023 அக்டோபரில் 1,39,999 ரூபாய்க்கு வந்தது. தீபாவளிக்குப் போயிருந்தபோது இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்தேன். அதில் ஓப்பன் கேன்வாஸ் என்று ஒன்று. மூன்று ஆப்பைத் திறந்தால் மூன்றையும் திரைக்குள் நெருக்காமல், ஒன்றைத் திரைக்கு வெளியே பாதி தள்ளி, ஓரத்தில் கொஞ்சம் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிடுகிறது. அதைத் தொட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும், இன்னொன்று வெளியே போகும். ஒவ்வொரு ஆப்பும் படிக்கிற அளவிலேயே இருக்கிறது. மச்சானுக்குப் பெருந்துறை, ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நான்கு இடத்து ஏல விலையும் வாட்ஸ்அப்பில் வரும். விரலி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு என்று நோட்ஸில் குறித்துக்கொண்டே மூன்றாவதாக என்.சி.டி.இ.எக்ஸ். என்கிற விளைபொருள் முன்பேரச் சந்தையின் விலையையும் பார்க்க வேண்டும். அவருக்கு மூன்று ஆப்பும் ஒரே அளவுக்கு முக்கியம், அதற்கு அந்த முறை அருமையாகப் பொருந்துகிறது. மூன்று ஆப் விஷயத்தில் சாம்சங்கைவிட அதுதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஜோடி சேமிப்பு, டாஸ்க்பார் பழக்கம் இரண்டிலும் என் கை சாம்சங்குக்குப் பழகிவிட்டது.

2025இல் வந்த ஃபோல்ட் 7ஐக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். 215 கிராம், உள்திரை 8 அங்குலம், வெளித்திரையும் 6.5 அங்குலத்துக்கு அகலமாகிவிட்டது. பிரித்த விண்டோ ஒவ்வொன்றும் கொஞ்சம் மூச்சு விடுகிறது. திரையில் எழுதுகிற எஸ் பென் பேனா வசதியை மட்டும் அதில் எடுத்துவிட்டார்கள், ஸ்கெட்ச் மேல் அம்புக்குறி போட்டுப் பையருக்கு அனுப்புகிற என்னைப் போன்றவர்களுக்கு அது இழப்பு.

வாங்குவதாக இருந்தால் கடையில் அவர்கள் ஓட்டுகிற வீடியோவைப் பார்க்காதீர்கள். உங்கள் தொழிலில் தினமும் திறக்கிற இரண்டு ஃபைலை மெயிலில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கேயே டவுன்லோடு செய்து இரண்டையும் பிரித்து வையுங்கள். நேராகப் பிடித்து ஒரு முறை, திருப்பிப் பிடித்து ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை, கீபோர்டைத் திறந்து ஒரு முறை பாருங்கள். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண்ணாடியோடு. ஜூம் செய்யாமல் எழுத்து படிக்க வந்தால் பணத்தை எடுங்கள். அதற்குக் கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள், காந்திபுரத்தில் கடைக்குப் பஞ்சமில்லை.